அயோத்திதாசப் பண்டிதரும் அவர் கண்ட இராயப்பேட்டைச் சங்கமும்

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவமனை அமைந்திருப்பதை நம் பகுதி மக்கள் நன்கறிவர். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் பலர் அங்கே சென்று மருந்து பெற்று வருகின்றனர். 2005ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற அம்மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது. அப்பெயரைப் படித்துச் செல்வோர் மிகப் பலர். அப்பெயருக்குரிய பெருந்தகை யாவர், அவர் எம்மரபில் தோன்றினார், நாட்டுக்கு ஆற்றிய தொண்டு யாது என அறிந்தோர் நம் இளைஞருள்ளும் சிலரே ஆவர்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், அப்பெரியாரின் வாழ்க்கையை இம்மலரில் வரைய நாம் முற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. நூறாண்டுகளுக்கு முன்னரே, நம் மக்களுக்கென நம்மவராலேயே நடத்தப்பெற்ற அறிவுக் கூடம் ஒன்றைச் சென்னை இராயப்பேட்டையில் நிறுவியவர் அவர். சொற்பொழிவு, நூலாராய்ச்சி, அச்சுத்தொழில், மருத்துவம், விழா, திருமணச் சடங்கு ஆகிய அனைத்தும் அக்கூடத்தைச் சார்ந்து வளர்ந்தன. கலை என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கொண்ட விரிந்த பொருளின்படி நோக்கினால், அதனை நம் சமுதாயத்தின் முதற் கலைக்கழகங்களுள் ஒன்று எனக் கூறுதல் பொருந்தும். அஃது எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது, அதன் நினைவு எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பன நாம் அனைவரும் அறிய வேண்டிய செய்திகளாம்.

பிறப்பும் குடிவழியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கந்தசாமி என்பவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பதாகும். அவருக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசக் கவிராச பண்டிதர். ஆசிரியர்பால் கொண்ட பேரன்பினால் மாணவர் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக் கொண்டார். பின்னாளில் நாடறிந்த பெயரும் அதுவே ஆயிற்று. தமக்குக் கல்வி தந்தவரின் பெயரைத் தம் வாழ்நாள் முழுதும் தாங்கி நின்ற அச்செயல் ஒன்றே அவர்தம் உள்ளத்தின் இயல்பை நமக்குப் புலப்படுத்தும்.

அவர்தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணியாற்றியவர். தம் இல்லத்தில் வழிவழியாகக் காத்து வந்த திருக்குறள், நாலடி முதலிய ஓலைச் சுவடிகளைக் கந்தப்பன் தம் தலைவரிடம் கொடுத்தார் என்றும், அவை அவர் வாயிலாக எல்லிசு துரையிடம் சேர்ந்து அச்சேற வழி பிறந்தது என்றும் பண்டிதர் தம் இதழில் எழுதியுள்ளார். எல்லிசு அந்நாளில் சென்னையில் தமிழாராய்ச்சியை வளர்த்த அறிஞர். திருக்குறள் முதன்முதலாக அச்சிற் பதிக்கப்பெற்றது 1812இல் ஆகும். கல்வி நமக்கு உரியதன்று என்று பிறர் கூறிய காலத்திலேயே நம் வீட்டுப் பரண்களில் ஏடுகள் இருந்தன என்பதற்கு இக்குடும்ப வரலாறு சான்று பகர்கின்றது. இளமையில் பன்முறை கேட்டறிந்த இச்செய்தியே ஏட்டின் அருமையை அவருக்கு உணர்த்தியது எனக் கருதலாம்.

நீலகிரியில் தொடங்கிய பணி

பண்டிதர் தம் பொதுவாழ்வை நீலகிரியில் தொடங்கினார். 1870ஆம் ஆண்டளவில் அங்கு அத்வைதானந்த சபை என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் அவர் அத்வைதக் கொள்கையில் ஈடுபாடு கொண்டிருந்தார். எல்லா உயிர்களிலும் உறைவது ஒன்றே என்று கூறும் கொள்கை, மனிதருள் உயர்வு தாழ்வு நீங்க வழி செய்யும் என்று அவர் நம்பியிருத்தல் கூடும். எனினும் கொள்கை நூலளவில் நின்றதேயன்றி ஊர்க்கிணற்றளவும் கோயில் வாயிலளவும் வரவில்லை என்பதைக் காலம் அவருக்கு உணர்த்தியது.

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பொழுது, நம் மக்களை இழிபெயர்களால் குறித்தல் ஆகாது, இந்நாட்டின் தொல்குடித் தமிழராகவே பதிதல் வேண்டும் என்று அவர் அரசினரை வற்புறுத்தினார். 1885இல் ஜான் இரத்தினம் அவர்களோடு சேர்ந்து திராவிடப் பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். திராவிடர், தமிழர் என்னும் பெயர்களை அரசியற் களத்தில் முதன்முதலாக முழங்கியோருள் நம் பண்டிதரும் ஒருவர் என்பதைப் பிற்கால அரசியல் பேசுவோர் மறத்தல் ஆகாது.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாசன சபையின் மாநாட்டை அவர் கூட்டினார். அம்மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. நம் மக்களை இழிசொல்லால் ஏசுவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், பிள்ளைகள் படிக்கப் பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும், படித்தவர்க்கு அரசுப் பணி வேண்டும், சிறைச்சாலைகளில் நம்மவர்க்கு மட்டும் இழிதொழில் இடும் விதி நீங்க வேண்டும், பொதுக் கிணறுகளில் நீர் எடுக்க உரிமை வேண்டும் என்பன அவற்றுட் சில. அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஆண்டும் அதே 1891 ஆகும். அவ்வண்ணல் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, தென்னாட்டில் அவர் பின்னர் ஏந்திய கோரிக்கைகளுட் பல எழுத்து வடிவம் பெற்றுவிட்டன என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

சென்னை மகாசன சபையில்

1892இல் சென்னை மகாசன சபை கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரியின் பேராளராகப் பண்டிதர் சென்றார். மாகாணத்தின் கற்றறிந்தோரும் செல்வரும் கூடியிருந்த அவையில் எழுந்து நின்று, சிவன் கோயிலிலும் திருமால் கோயிலிலும் எம்மக்கள் நுழைந்து வணங்கத் தடை ஏன் என்று வினவினார். அவையில் கூச்சல் எழுந்தது. உங்கள் குலத்திற்கென்று வேறு சிறுதெய்வங்கள் இருக்கின்றனவே, பெருந்தெய்வங்கள் எதற்கு என்னும் கருத்தில் ஒருவர் விடை பகர்ந்தார். அவ்வாறாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா, கல்வியும் நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் தயங்காது கூறினார். நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், நம் மக்களுக்குத் தரிசு நிலமும் வழங்க வேண்டும் என்று அவர் கொணர்ந்த கருத்துகளை அவை ஏற்றது.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவமதிப்பைக் கேட்ட அந்நேரத்திலும் சினத்தால் அவர் அவையை விட்டு வெளியேறினாரில்லை. பெற வேண்டியதைப் பெற்றுக் கொண்டே திரும்பினார். ஆயினும் அன்று கேட்ட விடை அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. பிறர் வாயிலில் நின்று இடம் கேட்பதினும் நமக்கென ஒரு வீட்டை நாமே எழுப்பிக் கொள்ளுதல் சிறந்தது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியதை அதன் பின்னர் அவர் ஆற்றிய பணிகள் காட்டுகின்றன.

அடையாறும் கொழும்பும்

அக்காலத்தில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர். நம் பிள்ளைகளுக்கெனச் சாதி பாராத இலவசப் பள்ளி ஒன்றை அவர் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் திறந்தார். அதனைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் தோன்றின. தென்சென்னைச் சேரிகளில் நம் முன்னோர் பலர் எழுத்தறிந்தது அப்பள்ளிகளில்தான்.

பண்டிதரும் பள்ளியாசிரியர் கிருஷ்ணசாமி என்பாரும் ஆல்காட்டைக் கண்டு, தம் மக்களின் பழைய சமயம் பௌத்தமே என்னும் தம் கருத்தை விளக்கினர். 1898இல் ஆல்காட் அவ்விருவரையும் இலங்கைக்கு அழைத்துச் சென்றார். கொழும்பு நகரில் சுமங்கல மகாதேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதை உலகம் அறியும். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முன்னரே நம் மண்ணைச் சேர்ந்த இருவர் கடல் கடந்து சென்று அவ்வழியிற் காலடி வைத்தனர்.

சங்கம் தோன்றியது

கொழும்பிலிருந்து திரும்பிய அதே 1898ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் நிறுவப்பெற்றது. அச்சங்கத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. பழந்தமிழ் நூல்கள் ஆராயப்பட்டன. மணிமேகலை, திருக்குறள், ஔவையார் நூல்கள், நிகண்டுகள், சித்தர் பாடல்கள் ஆகியவை கேட்போர்க்கு விளக்கப்பெற்றன. நாள் முழுதும் உழைத்துக் களைத்த மக்கள் தம் மொழியின் உயர்ந்த நூல்களைத் தம்மவர் வாயிலாகக் கேட்டறியும் வாய்ப்பைப் பெற்றனர்.

வெளியிலிருந்தும் அறிஞர் வந்து உரையாற்றினர். அவர்களுள் கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் பயிற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு ஒருவர். 1937இல் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்த அக்கல்லூரி அந்நாளில் சென்னை நகரின் நடுவே இருந்தது. 1907இல் பௌத்தக் கொள்கையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அண்ணல் அம்பேத்கரின் முன்னுரையோடு 1948இல் மீண்டும் வெளிவந்தது. பின்னாளில் தொழிற்சங்கத் தலைவராய் விளங்கிய சிங்காரவேலரும் இச்சங்கத்தோடு தொடர்புடையவர். பகுத்தறிவுக்கு ஒத்தவற்றையே ஏற்க வேண்டும் என்ற அவ்விருவர்க்கும், தமிழ் மரபையும் பழங்கதைகளையும் பௌத்தத்தின் எச்சமாகக் கண்ட பண்டிதர்க்கும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஒரு சங்கத்தில் பல கருத்தும் மோதி ஒலிப்பது அது உயிரோடிருப்பதன் அடையாளமேயாகும்.

விழாக்களுக்கும் பண்டிதர் புதுப்பொருள் கண்டார். தீபாவளி என்பது அசுரனைக் கொன்ற நாளன்று, பண்டைய பௌத்தத் துறவியர் எள்ளின் நெய்யைக் கண்டறிந்து அதன் பயனை மக்களுக்கு உரைத்த நாள் என்று அவர் எழுதினார். உழவும் மருத்துவமும் அறிந்த மக்களின் கண்டுபிடிப்புகளே நம் பண்டிகைகள் ஆயின என்பது அவர் கொள்கை. அவர் கூறிய சொல்லாராய்ச்சி முடிபுகள் எல்லாவற்றையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் ஊர்த்திருவிழாவில் ஒதுங்கி நின்ற மக்களை நோக்கி, இவ்விழா உங்களுடையது, இதனை ஆக்கியோர் உங்கள் முன்னோர் என்று கூறிய துணிவு அளப்பரிய பயனை விளைத்தது. திருமணம் முதலிய சடங்குகளையும் புரோகிதரின்றித் தம்மவரே நடத்தும் முறையை அவர் வகுத்துக் கொடுத்தார்.

இராயப்பேட்டையில் ஏற்றிய விளக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனப் பல இடங்களிலும் கிளைகள் எழுந்தன. சுரங்கத்திலும் படையிலும் தோட்டங்களிலும் உழைத்த நம் மக்கள் சென்ற இடமெல்லாம் சங்கமும் உடன் சென்றது. அவற்றுள் தங்கவயற் கிளை பின்னாளில் தாய்ச் சங்கத்தையே தாங்கும் அளவிற்கு வலிமை பெற்றது.

தமிழன் இதழ்

1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் புதன்கிழமையன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழின் முதல் ஏடு இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நான்கு பக்கங்களே உடைய அவ்விதழின் விலை பெயரிலேயே விளங்கியது. கூலி வேலை செய்வோரும் வாங்கிப் படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது நோக்கம். ஓராண்டு கழிந்தபின் தமிழன் என்பதே இதழின் பெயராயிற்று. அதனை அச்சிட அச்சுக்கூடமும் உருவாயிற்று. பிறர் நம்மைப் பற்றி எழுதியதையே படித்து வந்த நிலை மாறி, நாமே எழுத்துக் கோத்து, நாமே அச்சிட்டு, நாமே படிக்கும் நிலை பிறந்தது.

அவ்விதழில் இடம்பெறாத பொருளே இல்லை எனலாம். அரசியல், உழவு, மருத்துவம், மகளிர் கல்வி, சமய ஆராய்ச்சி, இலக்கிய உரை, வாசகர் வினாக்களுக்கு விடை எனப் பலவும் வாரந்தோறும் வந்தன. இந்திரர் தேச சரித்திரம் என்னும் தொடரில், இந்நாட்டில் சாதி எவ்வாறு புகுந்தது என்பதைத் தம் நோக்கில் அவர் எழுதினார். புத்தர் பெருமானின் வரலாற்றை ஆதிவேதம் என்னும் நூலாக்கினார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். விடுதலை வேண்டுவோர் முதலில் தம் ஊரில் கிணற்றையும் தெருவையும் எல்லார்க்கும் திறந்துவிடல் வேண்டும் என்று அந்நாளைய சுதேசி இயக்கத்தாரை இடித்துரைத்தார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நெருங்கிய பொழுது, சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியுமாறு நம் மக்களுக்கு இதழ்வழி அறிவுறுத்தினார்.

கைகண்ட மருத்துவர்

இத்துணைப் பணிகளுக்கும் இடையே பண்டிதர் தம் வாழ்க்கைத் தொழிலாகிய சித்த மருத்துவத்தைக் கைவிட்டாரில்லை. சாதி சமயம் பாராது வந்தவர் அனைவர்க்கும் மருந்தளித்தார். பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பெற்ற திரு.வி. கலியாணசுந்தரனார் இளம்பருவத்தில் கைகால் முடங்கி நோயுற்றிருந்த பொழுது, அவருக்கு மருந்து கொடுத்து நலமாக்கியவர் நம் பண்டிதரே. இதனைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். அன்று அம்மருந்து பயன் தராதிருப்பின், தமிழ் உரைநடைக்கும் தொழிலாளர் இயக்கத்திற்கும் நேர்ந்திருக்கும் இழப்பை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் உடன்பிறந்தாளை மணந்தவர் பண்டிதர். சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கி, பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர். உறவினராயினும் இருவரும் தம் மக்களுக்குச் சூட்டத்தக்க பெயரிலும் செல்லத்தக்க வழியிலும் வேறுபட்டனர். ஒருவர் இழிபெயரையே தலைநிமிர்ந்து ஏந்தினார். மற்றவர் அதனை மறுத்துப் பழம்பெயரை மீட்க முயன்றார். இருவர் நோக்கமும் நம் விடுதலையே.

மறைவும் மறதியும்

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், தம் அறுபத்தொன்பதாம் அகவையில் பண்டிதர் இயற்கை எய்தினார். திருக்குறளுரை நிறைவு பெறாமலேயே நின்றது. அவர்தம் மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றது. 1926இல் கோலார் தங்கவயலில் பெரியவர் ஜி. அப்பாதுரையார் தமிழனை மீண்டும் எழுப்பினார். தங்கவயல் அன்பர்கள் பண்டிதரின் கட்டுரைகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பினர். பூமிக்கடியில் பொன் தோண்டியோர் தம் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு தமிழறிஞரின் எழுத்தைக் காத்தனர் என்பது வரலாறு.

அதற்குப் பின் நீண்ட மறதி வந்து கவிந்தது. பல்கலைக்கழகங்களில் தமிழிதழ்களின் வரலாறு எழுதப்பெற்றது; அவற்றுட் பலவற்றில் தமிழனுக்கு இடமில்லை. தமிழகத்தின் சமூகச் சீர்திருத்த வரலாறு மேடைகளில் முழங்கப்பெற்றது; அங்கும் பண்டிதர் பெயர் ஒலித்தது அரிது. ஆயினும் நம் சமுதாயத்தைச் சேர்ந்த அன்பர் சிலர், கரையானுக்கும் மழைக்கும் இரையாகாது பழைய இதழ்களைத் தம் இல்லங்களிற் காத்து வைத்திருந்தனர். அவர்களுள் அன்பு பொன்னோவியம் அவர்களின் பெயர் நன்றியோடு நினைக்கத்தக்கது. அவ்வாறு காக்கப்பெற்ற ஏடுகளிலிருந்தே ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பின்னரே அறிஞருலகம் விழித்தது. 2005இல் தாம்பரம் மருத்துவமனைக்கு அவர் பெயர் வந்ததும், அவ்வாண்டே அஞ்சல்தலை வெளிவந்ததும், 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் திறக்கப்பெற்றதும் அதன் பின் நிகழ்ந்தவையே.

இளைஞர் கடமை

அருமை இளைஞர்களே! இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு அமைந்திருப்பதை நீங்கள் காண்பீர்களாக. பாட்டனார் ஓலைகளைக் காத்தார், அவை அச்சேறின. பேரனார் தாளில் எழுதினார், அத்தாள்களைப் பெயர் வெளிவராத பலர் காத்தனர், அவையும் அச்சேறின. இடையில் ஒருவர் சலிப்புற்று, இப்பழைய தாள்களால் யாது பயன் என்று அடுப்பிலிட்டிருப்பின், இன்று மருத்துவமனையின் முகப்பில் அப்பெயர் இராது, மணிமண்டபமும் எழுந்திராது. அரசு அளிக்கும் சிறப்பு நம் கையில் உள்ளதன்று. அச்சிறப்புக்குச் சான்றாகும் ஏட்டைக் காப்பது நம் கையில் உள்ளது.

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை பரந்துள்ள நம் குடியிருப்புகளில் இரவுப் பள்ளி நடத்தியோர், படிப்பகம் வைத்தோர், நாடகம் ஆடியோர், பறையிசை பயிற்றியோர், அண்ணல் விழாவிற்குத் துண்டறிக்கை அச்சிட்டோர் பலர் இருந்துள்ளனர். அவர்தம் அறிக்கைகளும் நிழற்படங்களும் வரவு செலவுக் குறிப்புகளும் பழைய பெட்டிகளில் உறங்குகின்றன. பெரியவர் ஒருவர் மறையுந்தோறும், வீடு இடித்துக் கட்டப்படுந்தோறும், அவற்றுள் ஒரு பகுதி குப்பையிற் சேர்கின்றது. பண்டிதரின் எழுத்து நெடுங்காலம் மறைந்திருந்து மீண்டது. மீளாமற் போனவை எத்துணையோ!

ஆதலின் நம் சங்கத்தின் வெள்ளிவிழா, மேடையும் மாலையும் மலருமாய் முடிந்துவிடுதல் கூடாது. சங்கத்தின் அலுவலறையில் நிலைப்பேழை ஒன்றை அதற்கென ஒதுக்குவோம். ஒவ்வோர் இளைஞரும் தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரையேனும் அணுகி, அவர் அறிந்ததைக் கேட்டு, ஆண்டும் ஊரும் குறித்து எழுதி அப்பேழையிற் சேர்ப்பாராக. பண்டிதரின் நூல்களை வாங்கி, ஞாயிறுதோறும் ஒரு பகுதியேனும் கூடியிருந்து படிப்போமாக. அவர் கூறியவற்றை ஆராய்வோம். ஐயுறுவன இருப்பின் ஐயுறுவோம். அவரும் அதனையே விரும்பியிருப்பார்.

நமக்கென ஓர் அவையை நாமே அமைத்துக் கொள்ளுதல் இயலும் என்று இராயப்பேட்டையில் மெய்ப்பித்துக் காட்டிய அயோத்திதாசப் பண்டிதரின் புகழ் ஓங்குக! அவ்வழியில் நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் கண்டு நிலைபெறுக!